பச்சைக் குழந்தை எங்கே, எப்படித் தூங்க வேண்டும்? தடா எல்லை வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

சென்னையிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 16-இல் வடக்கே போனால், ஆரம்பாக்கம் தாண்டியதும் ஆந்திரத்தின் முதல் ஊர் தடா. கிழக்கே பழவேற்காடு ஏரி. மேற்கே ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இந்த மண்டலம் 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. வீட்டுக்குள் தமிழும் வெளியே தெலுங்குமாகப் புழங்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். பிரசவத்துக்குச் சிலர் சூளூர்ப்பேட்டைக்கும், சிலர் திருப்பதிக்கும், சிலர் கும்மிடிப்பூண்டி வழியாகச் சென்னைக்கும் போகிறார்கள். எங்கே பிறந்தாலும் சில நாட்களில் குழந்தை வீடு வந்து சேர்ந்துவிடும். வந்த அன்றிரவே எழும் கேள்வி, இதை எங்கே படுக்க வைப்பது என்பது.

பாட்டி உத்தரத்தைப் பார்க்கிறார், தூளி கட்ட. தாய்க்குப் பக்கத்திலேயே, பாயிலேயே கிடக்கட்டும் என்கிறார் அத்தை. செல்போனில் பார்த்த காணொளி, தனித் தொட்டிலில்தான் போட வேண்டும், தாயோடு படுக்கவே கூடாது என்கிறது. எட்டுக்குப் பத்து அடி வாடகை அறையில் தனித் தொட்டிலுக்கு இடம் எங்கே? மூன்று பேச்சுக்கும் நடுவே தாய் குழம்பிப்போகிறாள்.

உலக அளவில் இந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டு ஆராய்ச்சி பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்களில் எவை நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும், எவற்றைப் பொருத்திக்கொள்ள வேண்டும், நம் வழக்கங்களில் எதைக் காப்பாற்ற வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கில் வராத மரணங்கள்

முதலில் அளவைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் பிறந்த 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் தூக்கத்தால் இறப்பதில்லை. 2010-இல் லான்செட் இதழில் வெளிவந்த ‘பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு’, இந்த வயது மரணங்களில் 78 விழுக்காட்டுக்கு மூன்றே காரணங்களைச் சொன்னது: குறைமாதமும் எடைக்குறைவும், நோய்த்தொற்று, பிரசவத்தின்போது மூச்சுத் திணறலும் காயமும். இவை குறைந்துவருகின்றன. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் முதல் 28 நாட்களுக்குள் ஆந்திரத்தில் 17 பேரும் தமிழ்நாட்டில் 9 பேரும் இறந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இவ்வளவு வேறுபாடு இருப்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

தூக்கத்தில் நேரும் மரணமோ இந்தக் கணக்கிலேயே தெளிவாக வருவதில்லை. ஆரோக்கியமாக இருந்த குழந்தை தூங்கும்போது திடீரென இறந்து, பிரேதப் பரிசோதனை செய்தும், படுத்திருந்த இடத்தை ஆராய்ந்தும் காரணம் தெரியாவிட்டால் அதைத் ‘திடீர் சிசு மரணம்’ என்கிறது மருத்துவம். நம் ஊர்களில் பிள்ளை விடியற்காலையில் அசையாமல் கிடந்தால் அன்றைக்கே புதைத்துவிடுகிறார்கள். பால் புரையேறிவிட்டது என்பார்கள். காற்றுப் பட்டுவிட்டது, தோஷம் என்பார்கள். பரிசோதனையும் இல்லை, பதிவும் இல்லை. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 3,500 குழந்தைகள் உறக்கம் தொடர்பான காரணங்களால் இறப்பதாக எண்ணி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அப்படியோர் எண் இல்லாததால் ஆபத்தே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. தொற்றும் குறைமாதமும் கட்டுக்குள் வர வர, இந்த மரணங்களின் பங்கு கூடவே செய்யும்.

காலத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த ஆபத்து உச்சத்தில் இருப்பது பிறந்த இரண்டாம் மாதத்திலிருந்து நான்காம் மாதம் வரை. பத்தில் ஒன்பது மரணங்கள் ஆறு மாதத்துக்குள் நேர்ந்துவிடுகின்றன. தீட்டு கழிந்து, சொந்தக்காரர்கள் ஊர் திரும்பி, தாய் தனியாகப் பார்த்துக்கொள்ளத் தொடங்கும் காலமும் அதுவே.

குப்புறப் படுக்கச் சொன்ன தலைமுறை

மேலை நாடுகள் இதில் ஒரு பெரும் விலை கொடுத்துப் பாடம் கற்றன. பெஞ்சமின் ஸ்போக் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் உலகெங்கும் வீடு வீடாகப் படிக்கப்பட்டது. அதன் 1950-களின் பிற்பகுதிப் பதிப்பு, குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னது. மல்லாக்கப் படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும் என்ற அச்சமே காரணம். மருத்துவமனைகளும் அதையே பின்பற்றின.

1980-களில் சிலர் இதைச் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர், ஹாங்காங்கில் பணியாற்றிய மருத்துவர் டி.பி. டேவிஸ். நெருக்கமான வீடுகள் நிறைந்த அந்நகரில் இந்த மரணம் அபூர்வமாக இருப்பதை 1985-இல் எழுதினார். அங்கே குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைப்பதே வழக்கம். நெதர்லாந்தில் கூஸ் த யோங்க 1987-இல் குப்புறப் படுக்க வைக்க வேண்டாமென்று வெளிப்படையாகச் சொன்னார். நியூசிலாந்தில் எட் மிட்செல் தலைமையிலான ஆய்வு குப்புறப் படுப்பது, தாயின் புகைப்பழக்கம், தாய்ப்பால் கொடுக்காமை ஆகியவற்றை ஆபத்துகளாகச் சுட்டியது. 1991-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்டின் ஆண் குழந்தை தூக்கத்தில் இறந்தது. நியூசிலாந்து சொன்னதைத் தன் நாடு ஏன் சொல்லவில்லை என்று அவர் அரசைக் கேட்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரிட்டனில் பிரச்சாரம் தொடங்கியது; ஓரிரு ஆண்டுகளில் இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய இயக்கமும் சில ஆண்டுகளில் மரண விகிதத்தைப் பாதியாக்கியது. மருந்தோ கருவியோ எதுவும் தேவைப்படவில்லை. குழந்தையைப் புரட்டிப் போட்டதுதான் அவர்கள் செய்த முதன்மையான மாற்றம்.

இதில் வேதனையான பகுதி பின்னால் தெரியவந்தது. பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த ரூத் கில்பர்ட் குழுவினர், குப்புறப் படுப்பதன் ஆபத்தை 1970-லேயே அறிந்திருக்க முடியும் என்று 2005-இல் காட்டினார்கள். அப்போதே தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருந்தால் பிரிட்டனில் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கக்கூடும் என்பது அவர்கள் கணக்கு. தெரிந்ததைத் தொகுக்காமலும் சொல்லாமலும் இருப்பதற்கு என்ன விலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு மருத்துவ வரலாற்றில் குறைவு.

மல்லாக்கப் போட்டால் பால் புரையேறுமா?

நம் பாட்டிமார் பலர் பால் குடித்ததும் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் இந்தப் பயத்தால்தான். பயம் நியாயமானது, ஆனால் உடலின் அமைப்பு வேறு மாதிரி இருக்கிறது. கழுத்தில் மூச்சுக்குழாய் முன்பக்கமும் உணவுக்குழாய் பின்பக்கமும் இருக்கின்றன. குழந்தை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாயில் விழுவது கடினம். குழந்தை விழுங்கிவிடும், அல்லது இருமித் துப்பிவிடும். குப்புறக் கிடக்கும்போது இந்த அமைப்பு தலைகீழாகிவிடுகிறது: மேலேறி வரும் பால் மூச்சுக்குழாயின் வாய்க்கே வந்து நிற்கிறது. மல்லாக்கப் படுக்க வைக்கும் வழக்கம் பரவிய நாடுகளில் புரையேறி இறப்பது கூடவில்லை என்பதும் உறுதியாகியிருக்கிறது.

குப்புறப் படுத்த குழந்தைக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. முகம் துணியில் புதைந்தால் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறது. பிராணவாயு குறைந்துகொண்டே போகும். உடல் சூடும் வெளியேறாது. பெரியவர்களாக இருந்தால் உடனே விழித்துத் திரும்பிப் படுப்போம். குப்புறத் தூங்கும் குழந்தைக்கு அந்த விழிப்பு எளிதில் வருவதில்லை. சில குழந்தைகளின் மூளையில் அதற்கான ஏற்பாடே இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. எந்தக் குழந்தை அப்படிப்பட்டது என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. அதனால்தான் எல்லாக் குழந்தைக்கும் ஒரே விதி. ஒருக்களித்த நிலையும் பாதுகாப்பல்ல. உருண்டால் குப்புறத்தான் விழும்.

பால் குடித்ததும் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடச் செய்து, பிறகு மல்லாக்கப் படுக்க வையுங்கள். விழித்திருக்கும்போது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சற்று நேரம் குப்புறப் போட்டு விளையாட விடலாம். கழுத்து உறுதிப்படும், தலையும் தட்டையாகாது. தானாகவே இருபுறமும் புரளக் கற்றுக்கொண்ட குழந்தை தூக்கத்தில் திரும்பிப் படுத்தால் மறுபடி மறுபடி புரட்டிப் போட வேண்டியதில்லை.

தூளி

தடாப் பக்கத்து வீடுகளில் தூளி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழகி மெத்தென்றான பருத்திப் புடவையை மடித்து, உத்தரத்திலோ இரும்புக் கொக்கியிலோ போட்ட கயிற்றில் கட்டுகிறார்கள். பூச்சி அண்டாது, காற்று கீழிருந்தும் வரும், ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் கீரை ஆயலாம். வேலை செய்யும் பெண்களின் வாழ்க்கையிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. அதை இகழ்ந்து பேசுகிற எந்த அறிவுரையும் இந்த வீடுகளுக்குள் நுழையாது.

ஆனாலும் கூர்ந்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் கால் பங்கு, பின்மண்டை புடைத்திருக்கும். தூளியின் அடி வளைவில் இறங்கியதும் தலை முன்னால் தள்ளப்பட்டு, முகவாய் மார்பில் போய் அழுந்துகிறது. அந்த வயதில் மூச்சுக்குழாய் குறுகலானது, மென்மையானது. கழுத்து மடிந்தால் அதுவும் மடியும். அழக்கூடச் சத்தம் வராது. இருபுறமும் புடவை முகத்தை மூடிக்கொண்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் தெரியாது. அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டு, 10 பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளின் விற்பனையைத் தடை செய்ததற்கு அடிப்படையும் இதுதான்: சாய்ந்த, வளைந்த படுக்கையில் குழந்தையின் கழுத்து மடிகிறது. கடைகளில் விற்கும் ஸ்பிரிங் தொட்டிலுக்கும் மோட்டார் தொட்டிலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எனவே தூளியைப் பற்றிய நியாயமான முடிவு இது. விழித்திருக்கும் பெரியவர் ஒருவரின் கண்ணெதிரே, பகலில், சிறிது நேரம் தூளியில் தூங்க வைக்கலாம். இரவு முழுவதும் வேண்டாம். எல்லோரும் தூங்கும்போது வேண்டாம். குறைமாதக் குழந்தைக்கும், சளி கட்டி மூச்சு வாங்கும் குழந்தைக்கும் தூளியே வேண்டாம். குறுக்கே கட்டை வைத்து விரித்துக் கட்டுவது முகத்தைத் துணி மூடாமல் காக்கும். ஆனால் அடி வளைவை அது சமமாக்காது. முகம் எப்போதும் தெரிய வேண்டும். முகவாய்க்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். தரைக்கு நெருக்கமாகக் கட்டுங்கள். கயிறும் கொக்கியும் தேய்ந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். குழந்தையை எடுத்ததும் புடவையைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள்: சற்று வளர்ந்த பிள்ளைகள் தூளியில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகள் தமிழ்நாட்டு நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன.

தாயோடு ஒரே பாயில்

தாயின் பக்கத்தில் படுப்பது குறித்துத்தான் உலக வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் ஒரே அறையில், ஆனால் தனிப் படுக்கையில் என்கிறது. பிரிட்டனில், தாயோடு படுக்க வைப்பவர்களுக்கு அதைப் பாதுகாப்பாகச் செய்யும் வழியைச் சொல்லித் தருகிறார்கள்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஹெலன் பால் உள்ளிட்டோர் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நெருக்கமானது. பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்களில் குழந்தைகள் பெரியவர்களின் படுக்கையில் தூங்குவது அதிகம். தலையணை வைப்பதும் துணியில் சுற்றுவதும் அதிகம். இருந்தும் திடீர் சிசு மரணம் அச்சமூகத்தில் குறைவு. புகைக்காத, குடிக்காத தாய்மார், தாய்ப்பால், சோபாவில் குழந்தையோடு தூங்கிவிடாத பழக்கம், குழந்தையைத் தனியறையில் விடாமை. இவை அந்தக் குடும்பங்களிடம் கூடுதலாக இருந்தன. தடாவின் பெண்களிடமும் இந்த நற்பழக்கங்களில் பெரும்பாலானவை உண்டு. தாய்ப்பால் இரண்டு மாதமாவது கொடுத்தால் இந்த ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது என்பதும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. இரவில் பக்கத்திலேயே குழந்தை இருந்தால்தான் அடிக்கடிப் பால் கொடுக்க முடியும்.

தரையில் விரித்த பாய் உறுதியானது, சமமானது. விழுவதற்கு உயரமும் இல்லை. அதில் தாய்க்குப் பக்கத்தில் தனியாக மடித்த பருத்தி விரிப்பில் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பது நம் வீடுகளுக்கு ஏற்ற நல்ல ஏற்பாடு. ஏரிக்கரை ஊர்களில் தேளும் பூரானும் வரும் என்பதால் பாயைச் சுற்றிச் செருகிய கொசுவலை அவசியம். தாய்க்கும் தந்தைக்கும் நடுவே போடாமல், தாயின் மறுபுறம் போடுவது மேல். தொய்ந்த கயிற்றுக் கட்டிலிலும், அமுங்கும் ஃபோம் மெத்தையிலும் குழந்தை பெரியவர் பக்கமாக உருண்டு முகம் புதைந்துபோகும். சோபாவில் சாய்ந்தபடி குழந்தையோடு கண்ணயர்வது எல்லாவற்றிலும் கொடிய ஆபத்து. குடித்தவர், பீடி சிகரெட் புகைப்பவர், தூக்க மாத்திரை சாப்பிட்டவர் குழந்தையோடு ஒரே பாயில் படுக்கவே கூடாது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் பக்கத்திலேயே தனிப் பாயும் தனி விரிப்பும்தான் சரி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எடை பதிவான குழந்தைகளில் 18 விழுக்காடு இரண்டரைக் கிலோவுக்குக் கீழே என்பதால் இந்த விதிவிலக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டுக்குப் பொருந்தும்.

எடை குறைந்த குழந்தையைச் சூடாக வைக்கச் சிறந்த வழி தாயின் மார்போடு தோல் படும்படி வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பு. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-இல் எட்கர் ரே தொடங்கியது இது. பிறந்த உடனே தொடங்கினால் எடை மிகக் குறைந்த குழந்தைகளின் மரணம் 25 விழுக்காடு குறைவதை, இந்தியாவும் பங்கேற்ற உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2021-இல் காட்டியது. அப்போதும் தாய் சற்றே நிமிர்ந்து சாய்ந்திருக்க வேண்டும். குழந்தையின் முகம் ஒருபுறம் திரும்பி, மூக்கு வெளியே தெரிய வேண்டும். தாய்க்குத் தூக்கம் வந்தால் வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயில், புகை, தலையணை

கத்திரி வெயிலில் இந்தப் பகுதி 40 பாகையைத் தாண்டும். அப்போதும் ‘பச்சை உடம்பு, காற்றுப் படக் கூடாது’ என்று ஜன்னலை அடைத்து, குல்லாய் போட்டு, இரண்டு துணியில் சுற்றி வைக்கிறார்கள். அதிகச் சூடும் திடீர் சிசு மரணத்தின் காரணிகளில் ஒன்று. குழந்தை தலை வழியாகத்தான் பெருமளவு சூட்டை வெளியேற்றுகிறது. கை கால் குளிர்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்; மார்பையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். நேராக முகத்தில் அடிக்காமல் மின்விசிறி ஓடுவதில் தவறில்லை. விசிறி ஓடிய அறையில் இந்த ஆபத்து குறைவாக இருந்ததாகக் கலிபோர்னியா ஆய்வொன்று 2008-இல் தெரிவித்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எடை குறைந்த குழந்தைக்கு நேர்மாறான கவனிப்பு வேண்டும்.

தலை உருண்டையாக வர வேண்டுமென்று வைக்கும் கடுகுத் தலையணை, இலவம்பஞ்சுத் தலையணை, உருளும் திண்டு, பஞ்சு பொம்மை எதுவும் படுக்கையில் வேண்டாம். ஈ மொய்க்கிறதென்றோ கண் பட்டுவிடுமென்றோ முகத்தைத் துணியால் மூட வேண்டாம். கழுத்தில் கருப்புக் கயிறும் தாயத்தும் வேண்டாம். இடுப்பில் தளர்வாகக் கட்டினால் போதும். நன்றாகத் தூங்கட்டும் என்று சுட்ட வசம்பை உரைத்து ஊட்டவும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. கொசுவுக்கு வலையே போதும்.

யார் சொல்ல வேண்டும்?

சொல்வதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பச்சைக் குழந்தை மரணத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைத்ததை 1999-இல் வெளியிட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 2011-இல் நாடெங்கும் வந்த வீட்டுவழிப் பச்சைக் குழந்தைப் பராமரிப்புத் திட்டம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார். எடை போடுகிறார், சூடு பார்க்கிறார், மூச்சை எண்ணுகிறார், பால் குடிப்பதைக் கேட்கிறார். 2018 முதல் மூன்றாம் மாதத்திலிருந்தும் வருகை உண்டு. ஆனால் 42-ஆம் நாளுக்கும் மூன்றாம் மாதத்துக்கும் இடையிலான இடைவெளி, ஆபத்து உச்சத்துக்கு ஏறும் காலத்தின் மேலேயே விழுகிறது. 42-ஆம் நாள் வருகையில் ‘நேற்றிரவு குழந்தை எங்கே, எப்படித் தூங்கியது? காட்டுங்கள்’ என்ற ஒரு கேள்வியைச் சேர்ப்பதற்குப் பணச்செலவு கிடையாது.

ஸ்ரீசிட்டி ஆலைகளுக்கும் இதில் பங்குண்டு. 2017 திருத்தச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு உரிமை தந்தது. அந்த ஆறு மாதமும் இந்த ஆபத்தின் ஆறு மாதமும் ஏறத்தாழ ஒன்றே. ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பதால் அந்த விடுப்புக் கிடைக்காமல் வேலைக்குத் திரும்பும் பெண், குழந்தையை வயதான மாமியாரிடமோ பத்து வயது அக்காவிடமோ தூளியில் விட்டுப் போகிறாள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று சொன்னதும் அதே சட்டம்தான். தொழிலாளர் துறை இதைப் பார்த்து நடைமுறைப்படுத்த வேண்டும்.

தமிழ்நாடு 2015 முதல் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுத்த பரிசுப் பெட்டகத்தில் சிறு படுக்கையும் கொசுவலையும் இருந்தன. பின்லாந்து 1938-இல் ஏழைத் தாய்மாருக்குக் கொடுக்கத் தொடங்கிய பெட்டியே குழந்தைக்கு முதல் படுக்கையானது. ஆந்திரமும் தமிழ்நாடும் உறுதியான தட்டை விரிப்பு ஒன்றையும், படத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்ட ஒரு தாளையும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் கொடுக்கலாம். எல்லை ஊரில் பிறக்கும் குழந்தைக்கு இரண்டு மொழியிலும் ஒரே செய்தி போய்ச் சேர வேண்டும்.

பேரனுக்கோ பேத்திக்கோ காத்திருக்கும் பாட்டிகளிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தூளியை யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை. இரவில் மட்டும் குழந்தையைப் பாய்க்கு இறக்குங்கள். மல்லாக்கப் படுக்க வையுங்கள், சமமான விரிப்பில், முகம் திறந்து, தலையணையும் புகையும் இல்லாமல், தாயின் கைக்கெட்டும் தூரத்தில். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு விட்டாலோ, எழுப்பியும் துவண்டு கிடந்தாலோ விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.